உங்கப்பா வெச்ச படியை அறுத்துடாதே

நைனா,

நீ போன்ல அனுப்பின நாலு படிப் படத்தையும் பார்த்துட்டேன். ஒரு தடவை இல்ல, அம்பது தடவை பார்த்திருப்பேன். உலையில அரிசியைப் போட்டுட்டு வந்து ஒரு தடவை பார்த்தேன், அதுக்குள்ள சாதம் குழைஞ்சு கஞ்சியாப் போச்சு. உங்கப்பா போன இந்த எட்டு மாசத்தில எத்தனையோ நாள் அடுப்பை மறந்து உட்கார்ந்திருக்கேன். சந்தோஷத்தில மறந்தது இதுதான் முதல் தடவை. அந்தக் கஞ்சியிலேயே உப்புப் போட்டு, ஊறுகா தொட்டுக் குடிச்சுட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

பங்குனியில அவரோட லோடு வண்டியை நீ ஆவடிக்கு எடுத்துகினு போனப்ப, விக்கத்தான் கொண்டு போறேன்னு நினைச்சேன். கேட்கலை. கேட்டா அழுதுடுவேன்னு பயம். நீ என்னடான்னா அதோட முதுகில ஒரு அறையையே கட்டிட்டே. கட்டில், அடுப்பு, தண்ணி டிரம், ஜன்னலுக்கு என் மருமக கவிதா தெச்ச பூப்போட்ட திரை. "ஆவணி பொறந்ததும் நாம மூணு பேரும் ஒகேனக்கல் போறோம்மா, ராத்திரி தங்க ரூம் தேட வேணாம், ரூமே நம்மகூட வருது"ன்னு நீ சொன்னே. அறையோட வாசல் வண்டிக்குப் பின்னாடி, தரையில இருந்து என் இடுப்பு ஒசரத்தில இருக்கு, ஏற எந்தப் படி வெக்கட்டும்னு கேட்டே. "ஞாயித்துக்கிழமை வெல்டர் வர்றாரு, பழைய படியை அறுத்துப் போட்டுட்டுப் புதுசு வெச்சுடலாம், அதுக்குள்ள சொல்லு"ன்னு சொன்னே. எல்லாம் நல்லா இருக்கு நைனா, அந்த 'அறுத்துப் போட்டுட்டு' மட்டும் என் காதை விட்டுப் போக மாட்டேங்குது. அதனாலதான் கடிதம். போன்ல சொன்னா "சரிம்மா சரிம்மா"ம்பே. பேசி அனுப்பினா நீ ரெண்டு மடங்கு வேகத்தில ஓட விட்டுக் கேட்கறேன்னு கவிதாவே என்கிட்ட சொல்லிட்டா. எழுத்தை அப்படி ஓட்ட முடியாது இல்ல? அஞ்சாவது வரைக்கும் படிச்சவ எழுத்து, மெதுவாத்தான் படிச்சாகணும்.

சிரிக்காதே, நாலு நாளா ஊரில இருக்கிற படியெல்லாம் சாண் போட்டு அளந்துகினு இருக்கேன். மலைப்படி முந்நூத்தி அறுபத்தஞ்சும் எனக்குத் தெரிஞ்சது தான், தாழ்வா இருக்கும், பாதம் முழுசா உட்காரும், முட்டி கோவிச்சுக்காது. ரயில் படிக்குக் கம்பி இருக்கறதால தான் என்னை மாதிரி ஆளுங்க ஏறிடறோம், கம்பி இல்லைன்னா ஏற மாட்டோம், இதைக் குறிச்சு வெச்சுக்கோ. நேத்து திருப்பதி பஸ் நின்னுகினு இருந்தப்ப குனிஞ்சு முதல் படிக்குச் சாண் போட்டேன். கண்டக்டர் பார்த்துட்டார். "இன்னாம்மா, பஸ்ஸை வெலைக்கு வாங்கப் போறியா?" "பஸ்ஸு வேணாம்பா, படி மட்டும் போதும்." "படியைக் குடுத்துட்டா நான் எங்க தொங்கறது?" பஸ்ஸுல இருந்தவங்க எல்லாம் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். நடுத்தெருவில சிரிப்புக்கு நடுவுல நிக்க எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கு, அதை அப்பறம் சொல்றேன்.

இப்ப உன் நாலு படத்துக்கு வர்றேன். முதல் படம், கொக்கி மாட்டற ஏணி. குறுகலா, உருண்டைக் கம்பியா இருக்கு. அதுல நான் ஏறிடுவேன், ஆனா இறங்க மாட்டேன். படி வாங்கறவங்க எல்லாரும் ஏறிப் பார்த்துத்தான் வாங்கறாங்க, யாரும் இறங்கிப் பார்க்கறதில்ல. மழை பெஞ்ச காலையில, கையில ஒரு சொம்போட, புடவைக் கொசுவம் காலைத் தடுக்க, கீழ பார்த்து இறங்கறது எப்படின்னு யோசி. ரெண்டாவது, வண்டிக்கு அடியில மடங்கற ரெண்டு படி. பார்க்க அழகு, ஆனா நடுவுல ரொம்ப இடைவெளி, அதோட மடங்கினாலும் தாழ்வாத் தொங்குது, திருவாலங்காட்டுப் பக்கம் கால்வாய்க் கரை ரோட்டில ஒரு தடவை போய்ட்டு வந்தா நசுங்கிடும். மூணாவது, மேஜை இழுப்பு மாதிரி இழுக்கறது. சேறு உள்ள போனா இழுப்பு வராது. நம்ம வீட்டுப் பீரோ இழுப்பையே நாலு பேரு இழுக்கறோம். நாலாவது, தனியாத் தூக்கி வெக்கிற முக்காலி. நல்ல படி தான், ஆனா நம்ம குடும்பத்துக்கு ஆகாது. பள்ளிப்பட்டுக் கல்யாணத்துக்குப் போறப்ப சீர்த்தட்டை பஸ் ஸ்டாண்டு பெஞ்சுல வெச்சுட்டுப் பஸ் ஏறின குடும்பம் இது. முக்காலியை முதல் ஊரிலேயே விட்டுட்டு வந்துடுவோம்.

அப்ப எதுதான் வேணும்னு கேட்பே. ஆடிக் கிருத்திகைக்குக் காவடிக் கூட்டம் நெரிஞ்சுது, மலையடிவாரத்தில ஒரு மருத்துவ வண்டி நின்னுகினு இருந்துச்சு. அதுக்குப் பின்னாடி ஒரு படி, நைனா! அகலமா, புள்ளி புள்ளியா மேடு வெச்ச இரும்புத் தகடு, ஈரக் கால் வழுக்காது. கால் ரெண்டும் தரையில ஊணி நிக்குது. அந்தக் காலில வரிசையா ஓட்டை, தரை மேடு பள்ளமா இருந்தா ஆணியை வேற ஓட்டையில மாட்டிச் சரி பண்ணிக்கலாம். ஒரு பக்கம் கைப்பிடிக் கம்பி. பிரஷர் பார்க்கற சாக்குல ஏறினேன், இறங்கினேன். மறுபடி வரிசையில நின்னேன். மூணாவது தடவை அந்த நர்ஸ் பொண்ணு நிமிர்ந்து பார்த்துச்சு. "அம்மா, உங்களுக்கு இப்பத்தானே பாத்தேன்?" "ஆங், இன்னொரு தடவை பாரு கண்ணு." "இப்படி ஏறி ஏறி இறங்கினா பிரஷர் ஏறாம இன்னா பண்ணும்?" அப்பறம் உண்மையைச் சொன்னேன். எம்புள்ள வண்டியில வீடு கட்டிகினு இருக்கான், அதுக்குப் படி பார்க்கறேன்னு. அந்தப் பொண்ணு இறங்கி வந்து, டிரைவரைக் கூப்பிட்டு, மடக்கிக் காட்டச் சொல்லுச்சு. நான் குழந்தை மாதிரி பக்கத்துல நின்னு பார்த்தேன்.

ஆனா அதை மட்டும் செஞ்சு மாட்டுன்னு சொல்ல நான் இவ்வளவு எழுத வேணாம். இனிமே சொல்றது தான் கடிதம்.

அறுத்துப் போடலாம்ங்கற பழைய படி எதுன்னு உனக்குத் தெரியும். உங்கப்பா வெச்ச 'யானைப் படி'. நீ பத்தாவது படிச்சுகினு இருந்தே. ஒகேனக்கல் பக்கம் லோடு கொண்டு போய்ட்டு வர்றப்பெல்லாம் அந்தத் தண்ணியைப் பத்தியே பேசுவார். "சத்தம் கேக்கறதுக்கு முன்ன நெஞ்சுல அதிருதுமே. ஒரு தடவை வந்து பாரு." வண்டிப் பின்பக்கம் தார்ப்பாய் கட்டி, பாய் விரிச்சு, நம்ம மூணு பேருமாப் போகணும்னு அவருக்கு ஆசை. அந்த ஒசரத்தை நான் எப்படி ஏறுவேன், எல்லாரும் பார்க்க என்னை மூட்டை மாதிரி தூக்கி வெப்பியான்னு ஒவ்வொரு தடவையும் தட்டிக் கழிப்பேன். "படி வெச்சா வர்றேன், போ"ன்னு ஒரு நாள் சொல்லிட்டேன். மறுநாள் காலையில, கரும்பு லோடுக்குக் கிளம்பறதுக்கு முன்ன, "துவைக்கிற கல்லு மேல ஏறி நில்லுமே"ன்னார். "எதுக்கு?" "நில்லேன்." ஏறினேன். இறங்குன்னார், இறங்கினேன். குனிஞ்சு கல்லுக்குச் சாண் போட்டார். வெயில் ஏறிடுச்சோன்னு நினைச்சேன் மனுஷனுக்கு.

அன்னிக்கு ஆலை வாசல்ல கரும்பு வண்டிங்க வரிசையில காத்துக் கெடந்தப்ப, பக்கத்துப் பட்டறை ஆளைக் கூப்பிட்டு, வண்டிக்குப் பின்னாடி ரெண்டு தட்டுப் படி வெல்டு பண்ண வெச்சிருக்கார். லோடு இறக்கிட்டு சாயந்திரம் தெருவுக்குள்ள வரும்போதே ஹாரன். "ஏறு! உனக்குத்தான்!" தெருவே வந்துடுச்சு. நானும் சிரிச்சுகினே தான் வந்தேன், பொய் சொல்லக் கூடாது. காலைத் தூக்கி வெச்சேன். எட்டலை. இன்னும் தூக்கினேன், புடவை கிழிஞ்சுது, முட்டி இரும்புல இடிச்சு அப்படியே உட்கார்ந்துட்டேன். எதிர் வீட்டு வசந்தா தான் முதல்ல சிரிச்சா, அப்பறம் எல்லாரும். எனக்கு வந்த கோவத்துல, "இது பொண்டாட்டிக்கு வெச்ச படியா, யானைக்கு வெச்ச படியா? அளக்கத் தெரியாத ஆளுக்கு எதுக்கு இந்த ஆசை"ன்னு தெரு கேட்கச் சொன்னேன். அவர் படியைப் பார்த்தார், என் காலைப் பார்த்தார். "சரியாத் தானே வெச்சேன்"ன்னு ஒரே ஒரு தடவை, தனக்குத் தானே சொல்லிக்கினார். அப்பறம் கொய்யாப்பழப் பெட்டி ஒண்ணைக் கவுத்துப் போட்டு, "இப்ப ஏறுமே"ன்னார். நான் உள்ள போய்க் கதவைச் சாத்திட்டேன்.

அந்த வாரம் நீயும் அவரும் மட்டும் போனீங்க. பரிசல்ல சுத்தினது, மீன் வறுத்துக் குடுத்தது, அவர் தண்ணிக்கு அடியில நின்னுகினு கத்தினது, எல்லாம் நீ இன்னிக்கும் சொல்றே. நீ சொல்லும்போதெல்லாம் நான் ஏதாவது பாத்திரத்தை எடுத்துக்கினு பின்பக்கம் போய்டுவேன், கவனிச்சிருக்கியா? அதுக்கப்பறம் அவர் என்னைக் கூப்பிடவே இல்ல. திட்டவும் இல்ல. படியையும் எடுக்கலை. யாராவது யானைப் படின்னா அவரும் சிரிப்பார். நீயும் சிரிப்பே. பேரு வெச்சது நான்.

அவர் போய் மூணு மாசம் கழிச்சு, மாசியில, உன் மாமன், என் அண்ணன், கரும்பு ஏத்த வண்டியைக் கேட்டுச்சு. கொடுத்தேன். லோடு ஏத்திகினு வர்ற வழியில நம்ம வாசல்ல நிறுத்தி, தண்ணி குடுன்னுச்சு. சொம்பை எடுத்துகினு வண்டிக்குப் பின்பக்கமா வந்தேன். படி என்னமோ வேற மாதிரி தெரிஞ்சுது. தாழ்வா, தரைக்குப் பக்கத்துல. கையில சொம்போட, யோசிக்கவே இல்ல, காலை வெச்சேன். ஏறிடுச்சு. ரெண்டாவது காலும் ஏறிடுச்சு. முகத்துக்கு நேரா கரும்புத் தோகை. "அங்க இன்னா பண்ற?"ன்னு அண்ணன் கத்துச்சு. "அண்ணா, இந்தப் படி ஒசரமாச்சே, எப்படி இறங்குச்சு?" "படி எங்க இறங்கும்? லோடு ஏறினா வண்டி உட்காரும் இல்ல. இவ்ளோ வருஷம் டிரைவர் பொண்டாட்டியா இருந்து இது கூடத் தெரியாதா?"

தெரியாது நைனா. எனக்குத் தெரியாது. அண்ணன் போனதுக்கு அப்பறம் பின்பக்கம் போய்த் துவைக்கிற கல்லுக்குச் சாண் போட்டேன். ஒரு சாண் ரெண்டு விரல். சாயந்திரம் திரும்பி வந்த வெறும் வண்டியில, அந்தக் கீழ்ப்படி அதுக்கு மேல முக்கால் சாண் ஒசந்து நின்னுச்சு. அவர் சரியாத்தான் அளந்திருக்கார். என் காலுக்குத்தான் அளந்திருக்கார். கரும்போட நின்ன வண்டியில அளந்துட்டார், அவ்வளவு தான் தப்பு. சந்தோஷத்துல லோடு இருக்கறதை மறந்துட்டார். நான் அன்னிக்குக் கொய்யாப் பெட்டி மேல காலை வெச்சிருந்தா, அடுத்த நாளே அவருக்குப் புரிஞ்சிருக்கும், சரி பண்ணியிருப்பார். நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து சிரிச்சிருப்போம். அன்னிக்குக் கல்லு மேலயே உட்கார்ந்து அழுதேன். உன்கிட்ட இதைச் சொல்ல வாய் வரலை, அஞ்சு மாசமா உள்ளயே வெச்சிருந்தேன். கவிதா உனக்காக ஏதாவது செஞ்சு அது கோணலா வந்தா, முதல்ல தொட்டுப் பாரு, போட்டுப் பாரு, ஏறிப் பாரு. அப்பறம் பேசு. தெருவில வெச்சுப் பேசாதே. வேற எந்தப் புத்தியும் உனக்குச் சொல்ற தகுதி எனக்கு இல்ல.

இப்பத் தான் விஷயமே இருக்கு, நல்லாக் கேளு. உன் வண்டி இனிமே வெறும் வண்டி இல்ல! அறை எப்பவும் அது மேல தான் இருக்கப் போகுது. கட்டில், அடுப்பு, டிரம் நிறையத் தண்ணி, நாம மூணு பேரு. வண்டி எப்பவும் உட்கார்ந்தே இருக்கும். அப்ப அவர் படி எங்க வரும்? என் காலுக்கு வரும்! கரும்பு அளவுக்குப் பாரம் இருக்காதுன்னு தெரியும், நாலஞ்சு விரல் ஒசரமா நிக்கலாம். அந்த நாலு விரலுக்குத்தான் மருத்துவ வண்டிப் படி. அவர் வெச்ச ரெண்டு தட்டையும் அறுக்காதே. துருவைச் சுரண்டி, பெயின்ட் அடிச்சு, மேல புள்ளித் தகடு ஒட்டச் சொல்லு. அதுக்குக் கீழ ஒரே ஒரு மடக்குப் படி, ஓட்டை போட்ட கால் வெச்சு, தரையில ஊணற மாதிரி. ஓடும்போது மேல மடக்கிக் கட்டிக்கலாம். வாசல் பக்கத்துல கைப்பிடிக் கம்பி, வலது கைப் பக்கம், ஏறும்போதும் இறங்கும்போதும் பிடிக்கிற நீளத்துக்கு. அளவெல்லாம் டிரம்ல தண்ணி ரொப்பி, கட்டில்ல ஆளை உட்கார வெச்சுத்தான் எடுக்கணும். அப்பாவும் புள்ளையும் ஒரே தப்பை ரெண்டு தடவை பண்ண வேணாம்.

உன் சாண் பெரிசு, என் சாண் சின்னது. அதனால இதோட ஒரு சணல் கயிறு வெச்சிருக்கேன். கயிறோட நுனி தரை, முதல் முடிச்சு கீழ்ப்படி, அப்பறம் ஒண்ணு, அப்பறம் ஒண்ணு. மூணு முடிச்சான்னு கவிதா சிரிப்பா. சிரிக்கட்டும், போடும்போது எனக்கும் சிரிப்பு வந்துச்சு.

இன்னும் ஒண்ணு இருக்கு. "முதல்ல நீ தான் ஏறணும்மா"ன்னு நீ சொன்னே, நான் பேச்சை மாத்திட்டேன். கிருத்திகைக்கு வருஷா வருஷம் மலைப்படிக்கு மஞ்சள் குங்குமம் வெக்கறவ நான். இந்த வருஷம் நாலு படி வெச்சிருப்பேன், வசந்தா மெதுவா வந்து தட்டை வாங்கிக்கினா. "நீ வேணாம்கா, நான் வெக்கறேன்"ன்னா. கெட்ட எண்ணம் இல்ல, பாவம், வழக்கம்னு நினைச்சா. புது வண்டிக்கும் கவிதாவையே முதல்ல ஏறச் சொல்லுன்னா. நானும் ஆங்னுட்டேன். தெருவுக்குப் பயந்து தான் அன்னிக்குக் கதவைச் சாத்தினேன். இன்னிக்கும் அதே தெருவுக்கு ஆங்னு சொல்லிட்டு வந்திருக்கேன்னு, இதை எழுதும்போது தான் உறைக்குது. கவிதாகிட்ட நேத்து போன்ல இதைச் சொன்னேன். "அத்தை, அது உங்களுக்கு வெச்ச படி. நான் எப்படி முதல்ல ஏறறது?"ன்னு கேட்டுட்டு, அவ வேலையைப் பார்க்கப் போய்ட்டா. பெரிய பேச்சு எதுவும் பேசலை. நல்ல பொண்ணைத் தேடிப் பிடிச்சிருக்கே.

கடிதத்தையும் கயிறையும் வசந்தாவோட மருமகன்கிட்ட நாளைக் காலை ரயில்ல கொடுத்து விடறேன், ஆவடியில தான் அவருக்கும் வேலை. "இவ்ளோ தடியா இன்னாக்கா எழுதின?"ன்னு வசந்தா கேட்டா. "யானைப் படியைப் பத்தி"ன்னேன். அவளுக்கு ஞாபகம் இருக்கு போல, சிரிக்க ஆரம்பிச்சா. கரும்பு லோடு கதையைச் சொன்னேன். பாதியிலேயே சிரிப்பு நின்னு போச்சு. உங்கப்பா படத்தைப் பார்த்துகினே, "அண்ணன் அன்னிக்குச் சரியாத்தான் வெச்சாரா?"ன்னா. போகும்போது அவளே மஞ்சள் கெழங்கு ரெண்டு கொடுத்துட்டுப் போனா. அதைப் பையில எடுத்து வெச்சுட்டேன்.

ஞாயித்துக்கிழமை வெல்டர் வந்தா முதல்ல ஒரு டீ வாங்கிக் கொடு. அறுக்கற மிஷினை வண்டிப் பக்கம் கொண்டு போக விடாதே. டிரம்ல தண்ணியை ரொப்பி வை. கயிறு அனுப்பறேன்னு சொன்னேன், ஆனா கயிறு ஏறி இறங்கிக் காட்டாது இல்ல? அதனால ஞாயித்துக்கிழமை காலை முதல் ரயில்ல நானே வர்றேன். மஞ்சள் குங்குமம் என் பையில இருக்கும். படிக்கு நான் தான் வெப்பேன், வெச்சுட்டு நான் தான் ஏறுவேன். நான் போய் அந்தக் கட்டில்ல உட்கார்ந்த அப்பறம் அளவு எடுங்க.

அம்மா